நீ தூக்கி எறிந்த மாத்திரை

தம்பி,

உன் பெண்டாட்டி மல்லிகா எனக்கு எழுதியிருக்கிறாள். உன்மேல் புகார் எழுதவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்துவிட்டு, கெண்டைக்கால் ராத்திரியில் இழுத்துப் பிடிப்பதைச் சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "டாக்டரம்மா கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அவங்க ஜன்னல் வழியா வீசிட்டாங்க அத்தை. இனிமே அது இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுங்குறாங்க. பாலைக் குடின்னு சொல்றாங்க, எனக்குப் பால் வாடையே குமட்டுது. நான் என்ன செய்யட்டும்?" இவ்வளவுதான். இதை எனக்கு எழுதியதற்காக அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயானால் நான் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பி வந்துவிடுவேன், பம்பாய்க்கு ரயில் எங்கே மாற வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனாலும் வருவேன்.

பிள்ளையைச் சுமப்பவள் அவள், மாத்திரையை எறிபவன் நீ. நல்லா இருக்குடா உன் நியாயம்! நாலாவது மாடியிலிருந்து எறிந்திருக்கிறாய், கீழே யார் தலையில் விழுந்ததோ. வேறு வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். பெற்ற பிள்ளை உன்னை அப்படித் திட்டிவிட முடியவில்லை. அந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்ததும் உனக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நீ பம்பாயில் கற்றுக்கொள்ளவில்லை. நம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது அது. ஆனால் நீ எடுத்துக்கொண்டு போனது பாதிதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதிதான் கண்ணில் பட்டது. மீதியை யாரும் உன்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. உன் அப்பா பிழைத்து எழுந்த பிறகு, அந்தப் பேச்சை எடுக்கவே எங்களுக்குப் பிடிக்கவில்லை. இப்போது எடுக்கிறேன். அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

உன் அப்பாவின் வயிறு எப்போதுமே ஒரு கோபக்கார வயிறு. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ரசாயனப் பாடம் நடத்திவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடுவார். கருவாட்டுக் குழம்பென்றால் கேட்கவே வேண்டாம், எனக்கு மிஞ்சாது. அப்புறம் "நெஞ்சைக் கரிக்குதுடி" என்று திண்டாடுவார். மருந்துக் கடையில் யாரோ அந்த மாத்திரையைச் சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளையாக, வட்டமாக, கொஞ்சம் புதினா வாசனையோடு, கடித்துச் சாப்பிடுவது. முதல் நாளே அவருக்கு அதன்மேல் ஒரே பாசம். உன்னைக் கூப்பிட்டு, ஒரு கண்ணாடி டம்ளரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டார். அது புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. "பாத்தியா, புளிப்பு அடங்கிப் போச்சு. வயித்துலயும் இதேதான் நடக்குது. இது நம்ம சாக்குக்கட்டிக்குச் சொந்தக்காரன்டா" என்றார். நீ கைதட்டினாய். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு என் எலுமிச்சம்பழத்தையெல்லாம் தீர்த்தீர்கள்.

அவர் சொன்னது பொய்யில்லை, அதை நீ மறக்கக் கூடாது. அந்த மாத்திரை அவருக்கு வேலை செய்தது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தணிந்து, முகம் தெளிந்து, பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிடுவார். என்றைக்கோ ஒரு நாள் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு ஒன்று போட்டுக்கொள்வதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தணிந்த எரிச்சல் திரும்பி வந்தது, சில நாள் முன்னைவிட உக்கிரமாக வந்தது. அவர் இன்னொன்று போட்டார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரைப் பட்டை எப்போதும் இருக்கும். பாடம் நடத்திக்கொண்டே மென்றிருக்கிறார். பிள்ளைகள் அதை மிட்டாய் என்று நினைத்துக் கேட்பார்களாம். எங்களுக்கும் அது மிட்டாய்தான், மருந்து என்ற நினைப்பே போய்விட்டது.

நடுவில் காரைக்காலில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். குடல்புண் மாதிரி இருக்கிறது, காரத்தைக் குறையுங்கள், அடிக்கடி பால் குடியுங்கள். சுரக்குடி அத்தைக்கு இந்தச் சேதி போனதுதான் தாமதம், கூடப்பிறந்த தம்பிக்காக மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள் போலிருந்தது. தினமும் தூக்கு நிறையப் பால் வந்தது. "எந்தம்பி வயிறு எரியக் கூடாது, ஆமாம்" என்பாள். நான் காய்ச்சி ஆற்றி பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பேன், வகுப்புக்கு வகுப்பு குடிப்பார். இதோடு வெற்றிலை. சாப்பிட்டதும் வெற்றிலை போடாமல் எழுந்தால் நம் பக்கத்தில் சாப்பிட்ட கணக்கே இல்லையே. வயிறு சரியில்லை என்றதும் ஜீரணத்துக்கு நல்லது என்று இன்னும் கூடுதலாகப் போட ஆரம்பித்தார். சுண்ணாம்பு என் கைப்பக்குவம். கடற்கரைப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, நீற்றி, துணியில் வடிகட்டி, வெண்ணெய் மாதிரி எடுத்து வைப்பேன். உன் அப்பாவோடு வேலை பார்த்த வாத்தியார்கள்கூட டப்பி கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் பெருமைதான், இல்லாமல் என்ன.

அப்புறம் மனுஷர் மாற ஆரம்பித்தார். முதலில் மலச்சிக்கல். பிறகு தாகம், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் கொல்லைக்கு ஓடுவதுமாக இருந்தார். சோறு பிடிக்கவில்லை, சாப்பிட்ட சோறு தங்கவில்லை. வயிறுதானே என்று இன்னும் கொஞ்சம் மாத்திரை, இன்னும் கொஞ்சம் பால். ஒரு நாள் கரும்பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றாராம், எழுத வந்தது என்னவென்று ஞாபகமில்லை. வீட்டில் ரசத்தில் உப்பு கூடிவிட்டதென்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். என்னைக் கைநீட்டாத மனுஷர், குரல்கூட உயர்த்தாதவர். அன்றைக்கு நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

சுரக்குடி அத்தை வந்து பார்த்தாள். "இது வயித்து நோவு இல்லடி, சனி பிடிச்சிருக்கு. ஊர் ஒலகமெல்லாம் நம்ம திருநள்ளாத்துக்கு வந்து தலை முழுகிட்டுப் போவுது, நாம பக்கத்துலயே இருந்துக்கிட்டுச் சும்மா இருக்கோம்" என்றாள். எனக்கும் அதுதான் பட்டது. நோய்க்குப் பெயர் தெரியாதபோது சனி என்று ஒரு பெயர் கிடைத்ததே நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் உன்னையும் கூட்டிக்கொண்டு போனோம். நளதீர்த்தத்தில் அவரை நானும் அத்தையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து முழுக வைத்தோம். நீ துண்டை வைத்துக்கொண்டு படியில் நின்றாய். அவர் ஏறி வந்து உன்னைப் பார்த்து, "யாரு இந்தப் புள்ளை? இதுகிட்ட ஏன் என் துண்டு இருக்கு?" என்று கேட்டார்.

நீ துண்டைப் போட்டுவிட்டு ஓடினாய். கூட்டத்தில் உன்னைத் தேடித் தேடி, எள்ளுப் பொட்டலம் விற்கும் கடைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். நீ அழவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. நீ அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். நீ இன்றைக்கு ஜன்னல் வழியாக எறிந்தது அந்தக் கேள்வியைத்தான் என்று எனக்குத் தெரியாதா, தம்பி?

சாமி கும்பிட்டது தப்பென்று நான் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் போகிறேன். ஆனால் அன்றைக்கே அவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ஒரு சின்ன வயது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகமாக இருக்கிறது, சிறுநீரகமும் களைத்திருக்கிறது என்றார். "ஏன்னு பாக்கணும்மா. சில நேரம் எலும்பை அரிக்கிற புத்துநோயாலயும் இப்படி ஆகும்" என்றார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. "வேற மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றேன். மனசார அப்படித்தான் சொன்னேன். மருந்தென்றால் பாட்டிலில் வரும், ஊசியில் வரும். மிட்டாயும் பாலும் வெற்றிலையும் மருந்தென்று யார் சொல்வார்கள்?

அன்று சாயங்காலம் அவர் கண்ணைத் திறக்காமலே "வெத்தலை" என்றார். அத்தனை நாளில் அவர் தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதான். என் சந்தோஷத்தைக் கேட்காதே. புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையை எடுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவினேன். அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார். நான் திட்டு வாங்கப் போகிறேன் என்று எழுந்து நின்றேன். அவர் திட்டவில்லை. என் விரலையே பார்த்தார்.

"இவ்வளவு தடவுவீங்களா?"

"அவருக்கு இவ்வளவு இருந்தாத்தாங்க பிடிக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அதை யாருங்க எண்ணுனா?"

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அம்மா, மருந்து, சாப்பாடு, அப்படியெல்லாம் பிரிக்காதீங்க. காலையில எழுந்ததுலேருந்து படுக்குற வரைக்கும் இவர் வாய்க்குள்ள என்னென்ன போவுதோ, அத்தனையும் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். பால் என்றேன், தூக்கின் அளவைக் கையால் காட்டினேன். அப்புறம்தான் நெஞ்சுக்கரிப்பு மிட்டாய் ஞாபகம் வந்தது. உன் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்துக் காட்டினேன். டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வீட்டுக்காரர் பொழைப்பாரா மாட்டாரான்னு நிக்கிறேன், சிரிக்கிறீங்களே" என்று கேட்டேவிட்டேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா, நல்ல சேதிங்கிறதாலதான் சிரிச்சேன். நான் பயந்த நோய் இவருக்கு இருக்காதுன்னு நினைக்கிறேன், எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம். இந்த மாத்திரையில சுண்ணாம்புச்சத்து. பால்லயும் அதுதான். நீங்க தடவுறதும் அதேதான். மூணும் தனித்தனியாப் போனாலும் சேருற இடம் ஒரே ரத்தம். அளவு மீறிப் போச்சு, வெளியேத்த முடியாம சிறுநீரகம் திணறுது, மூளை மந்தமாயிடுச்சு. மூணையும் நிறுத்துவோம், உப்புநீர் ஏத்துவோம்" என்றார்.

அப்படியே செய்தார்கள். சில நாளில் அவர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? "பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி விட்டியா?" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. சிறுநீரகத்தில் மட்டும் கொஞ்சம் பலவீனம் தங்கிவிட்டது, அதனால்தான் இன்றைக்கும் ரத்தம் பார்த்துக்கொள்கிறார், வெற்றிலைப் பக்கமே போவதில்லை.

ஊர் என்ன சொன்னது? "அந்த மாத்திரையைத் தின்னுதான் வாத்தியாருக்குப் புத்தி பேதலிச்சுது." உன் காதில் விழுந்தது இதுதான். பால் கொடுத்த அத்தையை யாரும் சொல்லவில்லை, சுண்ணாம்பு தடவிய என்னையும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது, நாங்கள் பாசத்தோடு கொடுத்தோம். மாத்திரைக்குத்தான் பரிந்து பேச ஆளில்லை, பழி அதன்மேல் விழுந்தது. நீ அதன்பிறகு எந்த வெள்ளை மாத்திரையைக் கண்டாலும் ஓடினாய். நாங்களும் சின்னப்பிள்ளைதானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

தம்பி, மல்லிகாவின் நிலைமை உன் அப்பாவின் நிலைமை இல்லை. அவருக்கு அளவு மீறியது. அவளுக்குப் போதவில்லை. உள்ளே ஒரு பிள்ளைக்கு எலும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது, அதற்கு வேண்டியதை அவள் சாப்பிடாவிட்டால் அவள் எலும்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பால் குமட்டுகிறவளிடம் பாலைக் குடி என்றால் அவள் எங்கே போவாள்? அவளைச் சோதித்துப் பார்த்து டாக்டரம்மா ஓர் அளவு சொல்லியிருக்கிறாள். கால் இழுப்பது அதில் நிற்குமா நிற்காதா எனக்குத் தெரியாது, அதையும் அவளிடமே கேளுங்கள். ஆனால் மாத்திரையைச் சாப்பாட்டோடோ சாப்பிட்ட உடனேயோ எடுத்துக்கொள்ளட்டும், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறாள். இரண்டையும் ஒரே வாயில் போடக் கூடாது, ஒன்று இன்னொன்றை உடம்பில் ஏறவிடாதாம். ஒன்று காலையில் என்றால் மற்றது ராத்திரி. காய்ச்சலுக்கோ வேறு எதற்கோ புதிதாக மருந்து கொடுத்தால், இதையும் சாப்பிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மலம் இறுகினாலும் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் வந்ததுண்டா என்று கேட்டால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வளைகாப்புக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு டானிக் பாட்டிலைக் கொண்டுவருவார்கள், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரம்மாவிடம் காட்டாமல் திறக்காதீர்கள்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன். ஓட்டல் சாப்பாட்டில் நெஞ்சைக் கரிக்கிறது, இவர் சோடாவை ஊற்றிக்கொண்டு சமாளிக்கிறார் என்றும் மல்லிகா எழுதியிருக்கிறாள். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய். என்றைக்கோ ஒரு நாள் கரித்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொள், செத்துவிட மாட்டாய். தினமும் கரித்தால் மாத்திரைக் கடைக்கும் போகாதே, சோடாக் கடைக்கும் போகாதே, டாக்டரிடம் போ.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். பதறாதே. ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியிருக்கும் வீட்டுக்கு இதை ஏன் எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை லேசாக விழுந்ததற்கு முறிந்திருக்கிறதே, எலும்பு மெலிந்துவிட்டது, வயதான பெண்களுக்கு இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாங்கிக்கொண்டு வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உனக்கு இவ்வளவு புத்தி சொல்கிற நான்தான்.

உறையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது என் கையெழுத்து இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அப்பா. திருநள்ளாற்றில் அவர் உன்னைக் கேட்ட கேள்வியை நான் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றார். அந்த ஒன்று அவருக்குத் தெரியாது, நான் இத்தனை வருஷம் சொன்னதில்லை. திரும்பி வந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கடைசியில் தானும் கொஞ்சம் எழுத வேண்டும் என்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குக் காட்ட மாட்டாராம். எழுதட்டும்.

தம்பி, உன் அம்மா ஒளித்து வைத்த மாத்திரையை நான்தான் கண்டுபிடித்தேன். டாக்டரிடம் போய் அளவைக் கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போது ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று எடுத்து, தண்ணீரோடு, நானே அவளுக்குக் கொடுக்கிறேன். முதல் நாள் கை நடுங்கியது. அவள் பார்த்துவிட்டாள், ஆனாலும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். உனக்கும் நடுங்கும். பரவாயில்லை, நடுங்கினாலும் கொடு.

அப்பா